வகுப்புக்குள் வந்த கட்டியக்காரர்

உங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பொம்மை செய்பவரையும் பம்பை அடிப்பவரையும் சுவரில் விளம்பரம் எழுதுபவரையும் அழைத்து வரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம், அழைத்து வாருங்கள். கூடவே கொஞ்சம் சந்தேகத்தையும் அழைத்து வாருங்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள், கலை வந்தால் பிள்ளைகளின் மனம் மலரும் என்று சொல்லியிருப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. கடையில் தேங்காய் வாங்கினால் அதை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் முகத்தையும் ஒரு முறை பார்க்கிறவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே வேலை பார்த்து, அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

தொழில் செய்கிற கலைஞர் ஒருவர் வகுப்புக்குள் வரும்போது, தன் தொழிலைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டார். அதுவும் உள்ளே வரும். அது என்னென்ன செய்யும் என்பது உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது. அதற்கு ஒரு கதை சொல்கிறேன். எட்டாவது படித்த ஒரு பெண், ஒன்பதாவதுக்குப் போவாளா, இல்லை கழுத்தில் தாலியோடு வீட்டில் உட்காருவாளா என்பது ஒரு கூத்துக் கோமாளியின் வாயில் வந்து மாட்டிக்கொண்ட கதை. நான் அப்போது அந்தப் பள்ளிக்குப் பொறுப்பாசிரியை.

எழுபதுகளின் கடைசி. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் கரும்பும் நெல்லும் விளைகிற ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. உள்ளூர்க் கலைஞர்களை வகுப்புக்கு வரவழைக்கலாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எங்கள் எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். கேள்வி கேட்டால் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. அதிகாரி வந்து பெயர் என்ன என்று கேட்டால்கூடப் பக்கத்துப் பையனைப் பார்ப்பார்கள். பேச வைக்க யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது எனக்குக் கட்டியக்காரர் ஞாபகம் வந்தது.

டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தெருக்கூத்தில் ராஜாவுக்கு முன்னால் மேடைக்கு வருகிற கோமாளிதான் கட்டியக்காரன். "யாரு நீங்க, எந்த ஊரு?" என்று ராஜாவையே நிற்க வைத்துக் கேட்பான். ராஜாவைக் கிண்டல் செய்கிற சாக்கில் அந்த ஊரையும் கிண்டல் செய்வான். யார் மாடு யார் கொல்லையில் மேய்ந்தது, யார் வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை, எல்லாம் பாரதக் கதைக்கு நடுவில் வந்து விழும். ஊரே சிரிக்கும், அடுத்தது நம் வீடோ என்று பக்கத்து ஆளையும் பார்த்துக்கொள்ளும். இதற்காகவே அவர்கள் கூத்துக்கு முந்தின நாள் வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர் சேதி விசாரிப்பார்கள். அதுதான் அந்தத் தொழிலின் முறை.

நான் கூப்பிட்டவர் மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக்காரர். கூத்து இல்லாத மாதங்களில் கரும்பு வெட்டப் போவார். பங்குனியில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவருடைய ஜமா, அதாவது அவர்கள் கூத்துக் குழுதான் கூத்துக் கட்டும். தை பிறந்ததும் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் டவுன் பஸ் பிடித்து வரத் தொடங்கினார்.

முதல் வகுப்பில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. உள்ளே வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "உங்க தெருவுல யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல?" என்றார். அவ்வளவுதான். வருஷக் கணக்கில் வாய் திறக்காத வகுப்பு ஒரே கூச்சலாகிவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த ஆள் பாடம் எடுக்க வந்தாரா, துப்பறிய வந்தாரா என்று அப்போதே மனதில் தட்டியது.

பிறகு அதையே ஒரு விளையாட்டாக்கினார். ஒரு பிள்ளை ராஜா, இன்னொரு பிள்ளை கட்டியக்காரன். வீட்டில் நடப்பதை அரண்மனையில் நடப்பதாகச் சொல்ல வேண்டும். "எங்க நாட்டுல மகாராணி கோச்சிக்கினு தாய் நாட்டுக்குப் பூட்டாங்க. மகாராஜா மூணு வேளையும் டீக்கடையில ராஜ்யம் பண்றாரு" என்று ஒரு பையன் சொன்னபோது நானே சிரித்துவிட்டேன். பேச்சு, நிறுத்தம், எதிராளி கண்ணைப் பார்ப்பது எல்லாம் தானாக வந்தது. அது எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

அந்தப் பெருமை திங்கட்கிழமை வரைதான். கட்டியக்காரன் திருவிழாவுக்கு இப்போதே சேதி சேர்க்கிறான், அதுவும் பிள்ளைகள் வாயிலிருந்தே உறிஞ்சுகிறான் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெற்றோர் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடம் வந்தார்கள். யாரும் நேராக விஷயத்துக்கு வரவில்லை. "எங்க ஆடு அந்தக் கொல்லையில மேயவே இல்ல டீச்சர்" என்றார் ஒருவர். நான் ஆட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மோட்டார் ரிப்பேரானது தானா ஆனதுதான், யாரும் இன்னாவும் பண்ணல" என்றார் இன்னொருவர். கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்து குவிந்தது. அந்த வாரத்தில் நான் தெரிந்துகொண்ட ஊர் ரகசியங்களில் பாதிகூடக் கட்டியக்காரருக்குத் தெரிந்திருக்காது.

என்னையும் விடவில்லை. நான் மாதா கோயிலைச் சேர்ந்தவள் என்பது ஊருக்கே தெரியும். "வேதக்கார டீச்சர் நம்ம கூத்தக் கத்துக்கினு அவங்க கோயில்ல போடப் போவுதாம்" என்று கோயில் தரப்பில் ஒரு பேச்சு. சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் என் அண்ணன், "பாரதக் கூத்தாடிய இஸ்கோலு உள்ள கூட்டியாந்து வெச்சிருக்கியாமே, பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?" என்றார். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆனேன்.

எல்லோரையும்விட அதிகம் குதித்தவர் மளிகைக்கடைக்காரர். ஊரில் இருந்த ஒரே பெரிய கடை. தலைமுறையாக வியாபாரக் குடும்பம், வில்லியனூர் சந்தைவரை செல்வாக்கு. அவர் மகள் மல்லிகா எட்டாவதில்தான் படித்தாள். "கூத்தாடியெல்லாம் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தற எடமா இது? நாளைக்கே நிறுத்துங்க. இல்லன்னா நான் நிறுத்த வேண்டிய எடத்துல பேசி நிறுத்துவேன்" என்றார். அவர் படி அளப்பதில் கையைச் சாய்ப்பார் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. மேடையில் அது வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். என் சந்தேகம் ஆளைச் சரியாகப் பிடித்தது, விஷயத்தை மட்டும் கோட்டைவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டியக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

"பிள்ளைங்ககிட்டேர்ந்து கூத்துக்குச் சேதி சேர்க்கிறீங்களா?"

"சேருது டீச்சரம்மா. காத வூட்ல வெச்சிட்டா வர முடியும்?"

"வகுப்பில் பிள்ளைகள் சொன்னது எதுவும் மேடைக்குப் போகக் கூடாது. சத்தியம் பண்ணிக் கொடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "புள்ள சொன்னத சபையில சொன்னா வூட்டுக்குப் போயி ஒத வாங்கறது அந்தப் புள்ளதான். ராஜாவ கிண்டல் பண்ணாதான் கட்டியக்காரன். புள்ளைய மாட்டி வுட்டா அவன் கோள்சொல்லி. நீங்க கேக்காட்டியும் சொல்ல மாட்டேன். கேட்டுட்டீங்க, அம்மன் மேல சத்தியம்" என்றார்.

அந்தச் சத்தியத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "சொல்ல மாட்டார், எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். நம்பாத பாதியோடு உள்ளுக்குள் நானும் சேர்த்தி. சபை சூடு பிடித்து, சனம் கைதட்டும்போது, கையில் இருக்கும் நல்ல சேதியை எந்தக் கட்டியக்காரன் விழுங்குவான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் வகுப்பு நிற்கக் கூடாது. அதனால் சொன்னேன்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகாவின் முறை வந்தது. நல்ல குரல், பயமே கிடையாது. கட்டியக்காரர் ராஜாவாக நின்றார். அவள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றாள்.

"மகாராஜா, எங்க நாட்டுல இளவரசிக்குச் சுயம்வரம்!"

"அப்பிடியா, எத்தினி தேசத்து ராஜாங்க வந்தாங்க?"

"ஒரே ராஜா. வில்லியனூர் தேசம். இளவரசிக்கு மாமா மொற. மொத ராணி செத்துப் பூட்டாங்க. அதனால அவருக்கு இன்னொரு ராணி வேணுமாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இளவரசி மாலைய எடுத்துக்கினு சபையெல்லாம் சுத்தறா மகாராஜா. யாரு கழுத்துல போடலாம்னு தேடறா. வேற கழுத்தே இல்ல!"

வகுப்பே உருண்டது. கட்டியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவின் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், "இளவரசி இன்னா படிக்கிது?" என்று கேட்டார்.

"எட்டாவது. அதோட சரி" என்றாள் மல்லிகா. துண்டை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

கடைக்காரர் ஏன் குதித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. படியும் இல்லை, அளவும் இல்லை. மீதியை மல்லிகாவிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் மனைவியின் தம்பி, முப்பது தாண்டியவன், கட்டியவள் இறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சொத்து வெளியே போகாமல் இருக்க, பதின்மூன்று வயசுப் பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் பேசி முடித்திருக்கிறார்கள். வைகாசியில் கல்யாணம் முடியும்வரை வெளியே தெரியக் கூடாது என்று வாயை மூடி வைத்திருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் கட்டியக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "நீங்கள்தான் அந்தப் பெண்ணைத் தூண்டிச் சொல்ல வைத்தீர்களா?" என்றேன். "நான் எடம் குடுத்தேன், அது வந்து நின்னுச்சி" என்றார். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இனி நீங்கள் யோசியுங்கள். அந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? நேராகக் கடைக்காரரிடம் போய் நியாயம் பேசினால், மகள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று ஆகும். அடி அவளுக்கு விழும், அதோடு படிப்பும் போகும். அதிகாரியிடம் போனால், கல்யாணமே பேசவில்லை என்று சாதித்துவிட்டு வேறு ஊரில் வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். அப்படி ஒன்று நடந்ததைப் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்தில் நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூசையில் என் கவனம் நிற்கவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அந்தச் சுயம்வரத்தை நீங்கள் கூத்தில் சொன்னால் என்ன? ஊர் சிரித்தால் அந்த மனுஷன் நிறுத்திவிடுவார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தியம் வாங்கனது நீங்கதானே டீச்சரம்மா? வேதக்காரங்க சத்தியத்துக்கு இடையில லீவு வுடுவாங்களா?"

"ஒரு பெண்ணின் வாழ்க்கை."

"அதுக்குதான் சொல்றேன். சபையில சொன்னா, கல்யாணம் நின்னாலும் அந்தப் பொண்ணு பேரு நின்னுபூடும். கட்டியக்காரன் வாயில வுழுந்த பொண்ணுன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. என் வாயால ஆவாது."



அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மல்லிகா பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். வகுப்பில் இத்தனை பிள்ளைகள் இருக்கும்போது சேதி கடைக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் கடைக்காரரே வந்தார். குதிக்கிற ஆள் அன்றைக்குக் குதிக்கவில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ள இன்னாமோ வெளையாட்டுக்குப் பேசிச்சாம் டீச்சர். அது சின்னது, ஒண்ணும் தெரியாது."

"ஆமாம் அண்ணே."

"அந்த ஆளு அத்தக் கூத்துல எடுத்து வுடுவானா? சம்பந்திங்கல்லாம் வில்லியனூர்லேர்ந்து திருவிழாவுக்கு வராங்க. நாலு பேரு முன்னால மானம் போயிடும். சொல்ல மாட்டான்தானே? உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கான்னு சொன்னீங்களே?"

இத்தனை நாளாக வாசல் வாசலாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்ல மாட்டார் அண்ணே, கவலைப்படாதீர்கள். இந்த ஒரு வாக்கியம் போதும். அவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார். மல்லிகாவின் காய்ச்சல் வைகாசிவரை நீண்டிருக்கும்.

நான் வாயிலிருந்ததை விழுங்கினேன். "வாக்குக் கொடுத்தார்தான் அண்ணே. ஆனால் கட்டியக்காரன் வாய். மேடையேறிவிட்டால் அதை யார் பூட்ட முடியும்?" என்றேன்.

அது பொய் இல்லை, கவனியுங்கள். அவருடைய சத்தியத்தை நான் என்றைக்குமே முழுசாக நம்பியதில்லை. அன்றைக்கு மட்டும் அதை வெளியே சொன்னேன்.

கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. "இன்னா பண்ணலாம் டீச்சர்?" என்றார்.

"எனக்கு என்ன தெரியும்? ஆனால் ஒன்று. தினம் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிற பெண்ணைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? கட்டியக்காரன்தான் கதை விடுகிறான் என்பார்கள். பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னால்தான் ஊர் நம்பும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் மல்லிகா எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பங்குனித் திருவிழா வந்தது. நான் கூத்துப் பார்க்கப் போகவில்லை. போனால் அண்ணனுக்கு ஒரு சாக்கு, கோயில்காரர்களுக்கு ஒரு சாக்கு. காலையில் பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிடுவார்கள். ஆடும் மோட்டாரும் மேடைக்கு வந்தன. அவை டீக்கடையில் கிடைத்த சேதிகள், சத்தியத்தில் சேராதவை. "இந்த நாட்டுல ஒரு பள்ளிக்கூடத்து மகாராணி. சாக்பீஸ் குட்டையா போனா, எழுதித் தேஞ்சுதா இல்ல நீ தின்னியான்னு கேக்கும்" என்று என்னையும் இழுத்தாராம். பிள்ளைகள் இதை மட்டும் இரண்டு முறை நடித்துக் காட்டினார்கள்.

மளிகைக்கடைக்காரர் சம்பந்திகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். கட்டியக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் துண்டு கழுத்துக்குப் போனதாம். கடைசிவரை அவர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். திருவிழா முடிகிறது. பயமும் முடிந்துவிட்டால், அவர் பழையபடி வைகாசிக் கல்யாணத்துக்குத் திரும்பிவிடுவாரே.

கடைசி நாள் பட்டாபிஷேகக் கூத்து முடிந்த காலையில், வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஜமாக்காரர்கள் தெருத் தெருவாக விடைபெற்றுக்கொண்டு வந்தார்கள். கட்டியக்காரர் முகத்தில் அரிதாரம் பாதி அழிந்து பாதி இருந்தது. மளிகைக்கடை முன்னால் நின்றார். கடைக்காரர் ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணோடு ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தப்பித்துவிட்ட மனுஷனின் சிரிப்பு.

சோடாவை முழுசாகக் குடித்துவிட்டுக் கட்டியக்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த வருசம் சொல்றதுக்கு நேரம் பத்தல அண்ணே. அதுக்கு இன்னா, அடுத்த வருசமும் நாங்கதான்" என்றார். கும்பிட்டுவிட்டு நடந்தார்.

கடைக்காரர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

நான் வேகமாக நடந்துபோய்ப் பஸ் நிற்கும் இடத்தில் கட்டியக்காரரைப் பிடித்தேன். "வேண்டுமென்றே சொன்னீர்களா?"

"இன்னா டீச்சரம்மா இது? தொழில் பேச்சு. அடுத்த வருசம் கூப்புடணும்ல? எல்லா வூட்லயும் அப்பிடித்தான் சொல்லிக்கினு வரேன்" என்று பஸ் ஏறிவிட்டார். என் புத்தி சும்மா இருக்குமா? டீக்கடையில் கேட்டேன். எதிர் வீட்டில் கேட்டேன். அங்கெல்லாம் "வரோம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

வைகாசியில் அந்த வீட்டில் கல்யாணம் நடக்கவில்லை. "பொண்ணு ஒன்பதாவது படிக்கணும்னு ஆசப்படுது, பாக்கலாம்" என்று கடைக்காரர் மைத்துனரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த மைத்துனர் வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார். மல்லிகா பாகூர் உயர்நிலைப் பள்ளிக்கு மற்ற பெண்களோடு நடந்து போவதைத் தினமும் பார்ப்பேன். ஆனால் அவள் பத்தாவது முடிக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. வேறு மாப்பிள்ளை வரலாம், அப்பாவுக்குப் பயம் விட்டுப் போகலாம்.

அதனால் ஒவ்வொரு வருஷமும் தை மாதம் திரௌபதி அம்மன் கோயில்காரர்களைத் தேடிப் போவேன். கூத்துக்கு அந்த மண்ணாடிப்பட்டு ஜமாவையே கூப்பிடுங்கள், வேறு யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள் என்று நச்சரிப்பேன்.

"மாதா கோயில் டீச்சருக்கு எங்க அம்மன் கூத்துல இன்னாத்துக்கு இவ்ளோ அக்கற?" என்று அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.